போகச் சொன்னால் போகிறவர்

எங்கள் வீட்டில் சித்தப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் பாட்டி ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "அவனுக்குக் கால்ல சக்கரம்." சொந்தக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அமராவதிநகர், பரங்கிமலை, ஜோத்பூர், திமாப்பூர், குவைத், சிட்னி என்று விரல்விட்டு எண்ணி, கடைசியில் "ஓரிடத்துல நிக்கிற ஆளா அது?" என்று சிரிப்பார்கள். நான் அவரைக் கிட்ட இருந்து பார்த்தவன். நான் பார்த்த வரையில் எந்த ஊரையும் அவர் தானாக விட்டுப் போனதில்லை. போகச் சொன்னார்கள், போனார். அல்லது இருக்க வழியில்லாமல் ஆயிற்று, கிளம்பினார். கிளம்பும்போது முகம் சுளிக்காத பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. அதைத்தான் குடும்பம் ஊர் சுற்றும் ஆசை என்று எடுத்துக்கொண்டது.

அந்தப் பழக்கம் பத்து வயதில் வந்தது.

தாத்தா தாம்பரம் கார் ஷெட்டில் ஃபிட்டர். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அந்த வண்டிகளைப் பழுதுபார்ப்பது அவர் பிழைப்பு. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. விடிந்ததும் தலைக்கு மேலே விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கும். மேலதிகாரிகள் முன்னால் கைகட்டியே காலம் தள்ளிய தாத்தாவுக்கு, பிள்ளைகளில் ஒருவனாவது எதிரில் நிற்பவனைக் கைகட்ட வைக்கும் உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை. அப்பாவுக்கு வயது தாண்டிவிட்டது. மாட்டியது சித்தப்பா.

அப்போதுதான் சைனிக் பள்ளிகள் வந்தன. வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே ராணுவ அதிகாரிகளாகும் நிலை மாற வேண்டும் என்று 1961இல் தொடங்கிய திட்டம் அது. தமிழ்நாட்டின் பள்ளி 1962 ஜூலை 16 அன்று உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைப் பக்கம் திறந்தது. நுழைவுத் தேர்வு உண்டு. தகப்பனாரின் வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை உண்டு. சித்தப்பா முதல் ஆண்டிலேயே தேறிவிட்டார்.

கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கினார்கள். பள்ளியில் சொன்னபடி மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் எண்ணும் எழுத வேண்டும். ரயில் பெட்டிகளுக்கு நம்பர் எழுதும் ஷெட் பெயின்டரே எழுதிக் கொடுத்தார். பிசிறு இல்லாத, ரயில்வேக்கே உரிய கட்டை எழுத்து. அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. பெயின்ட் ஓரிடத்தில்கூட உதிரவில்லை. சென்ட்ரலில் வண்டி ஏறும்போது மற்ற பிள்ளைகள் அழுதார்களாம். சித்தப்பா அழவில்லை, "எப்ப திரும்பி வரணும்?" என்று மட்டும் கேட்டாராம். பாட்டி இதைப் பெருமையாகச் சொல்வாள். எனக்கு விவரம் தெரிந்த பிறகு அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு கேட்க முடிந்ததில்லை.

அந்த அக்டோபரில் சீனப் போர் மூண்டது. ராணுவப் பள்ளி என்றால் பையன்களையும் எல்லைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பாட்டி ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். அங்கே பையன்களோ விசிலுக்கு எழுந்து, போர்வையை விளிம்பு பிசகாமல் மடித்து, பூட்ஸ் பாலிஷ் போட்டு, எதற்கும் வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். 1968இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றி, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்றபோது, பதினாறு வயதுச் சித்தப்பா அணை ஓரத்தில் "சாவ்தான்", "விஷ்ராம்" என்று சின்னப் பையன்களை அதட்டிக்கொண்டிருந்தார். அதே காலத்தில் தாம்பரத்தில் அப்பா கறுப்புக் கொடி பிடித்தவர்களோடு சுற்றிக்கொண்டிருந்தார். விடுமுறையில் அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். இதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

கடக்வாஸ்லா ராணுவ அகாடமிக்குப் போகும் வாய்ப்பு நேர்முகத் தேர்வில் நழுவியது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தார். மறுபடி முயன்று, குறுகிய காலப் பணிக்குத் தேர்வாகி, பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். சீனப் போருக்குப் பிறகு அவசரமாக அதிகாரிகள் தேவைப்பட்டதால் 1963இல் தொடங்கிய பள்ளி. இப்போது அகாடமி என்கிறார்கள். பத்து வயதில் முந்நூறு மைல் தள்ளி அனுப்பப்பட்டவருக்கு இருபத்தொன்றில் மின்சார ரயிலில் அரைமணி தூரத்தில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் பாட்டி வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, திண்ணையில் படுத்து, சாயந்திரம் வரை எழுந்திருக்க மாட்டார் என்று அப்பா சொல்வார். வாழ்க்கையில் அவர் விரும்பியது அவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பட்டாளத்தில் அவருக்குக் கிடைத்தது சப்ளை பிரிவு. ஜோத்பூரிலும் திமாப்பூரிலும் துப்பாக்கியைவிட லாரிகளும் அரிசி மூட்டைகளும் மண்ணெண்ணெய் பீப்பாய்களும்தான் அவர் கணக்கில் இருந்தன. 1978இல் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தார். குறுகிய காலப் பணிக்குப் பென்ஷன் கிடையாது. கையில் கொஞ்சம் பணிக்கொடை, பெயருக்கு முன்னால் 'கேப்டன்' பட்டம், வயது இருபத்தாறு. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நிர்வாக அதிகாரி. பிறகு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அதற்கும் பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் டிரைவிங் ஸ்கூல். ஸ்கூலின் சொத்து ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பெருங்களத்தூர் பக்கத்துத் தொழிற்சாலையிலேயே செய்த வண்டி என்பதால் உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கிடைத்தது, கற்றுக்கொள்ளத்தான் ஆள் வரவில்லை. கிளட்சை அழுத்தத் தெரியாதவர்களிடமும் "சார்" போட்டுப் பேசினார். ஆனால் சரியாக ஓட்டாதவனை லைசென்ஸ் தேர்வுக்கு அனுப்ப மாட்டார். அந்தத் தொழிலுக்கு அது ஆகாது.

சித்தி நர்ஸ். கல்யாணமான கையோடு அவருக்குக் குவைத்தில் அரசு மருத்துவமனை வேலை வந்தது. 1982இல் சித்தி முன்னால் போக, சித்தப்பா பின்னால் போனார். ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் வண்டிகளை மேய்க்கும் சூப்பர்வைசர் வேலை. வளைகுடாவுக்கு ஆண்கள் போய்ப் பெண்கள் காத்திருக்கும் கதைதான் எங்கள் தெருவில் அதிகம். எங்கள் வீட்டில் அது தலைகீழ். அந்தப் பணத்தில் முடிச்சூருக்கு அந்தாண்டை வரதராஜபுரத்தில் ஒரு மனை வாங்கினார்கள். வயலாக இருந்து மனையான இடம். ஊருக்கு வந்தால் சித்தப்பா சைக்கிளில் போய் அந்த மனையைச் சும்மா பார்த்துவிட்டு வருவார்.

1990 கோடையில் சித்தியும் அவர் மகளான என் ஏழு வயதுத் தங்கையும் லீவுக்குத் தாம்பரம் வந்திருந்தார்கள். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் திரும்ப டிக்கெட். ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை, ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. பள்ளிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது சித்தி ரேடியோவைக் காதோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகியிருந்தது.

அதன்பிறகு வீட்டின் நேரத்தை ரேடியோதான் தீர்மானித்தது. டெல்லித் தமிழ்ச் செய்தி, தொலைக்காட்சிச் செய்தி, ராத்திரியில் பி.பி.சி. தமிழோசை. நாட்டில் மண்டல் கமிஷன் பற்றிக் கொந்தளிப்பு. எங்களுக்கு அதெல்லாம் குவைத் செய்திக்கு முன்னால் வரும் இடைஞ்சல். சித்தி சாயந்திரம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போவார், நானும் துணைக்குப் போவேன். எண்ணைச் சுழற்றினால் மணி அடிக்கும் ஓசைகூட வராது. பூத்துக்காரர் காசு வாங்க மாட்டார். குவைத்தில் இருந்த இந்தியர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல் என்றார்கள். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போனார். சதாம் உசேன் அவரைக் கட்டித் தழுவும் படம் பத்திரிகைகளில் வந்தது. டெல்லிக்காரர்கள் அதைக் குறை சொல்லி எழுதினார்கள். பாட்டி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "கட்டிக்கிட்டாத் தப்பில்ல, என் புள்ளைய விட்டாச் சரி" என்றாள்.

செப்டம்பரில் ஒரு கடிதம் வந்தது. பம்பாய் முத்திரை. முன்னால் கிளம்பிய யாரோ சித்தப்பாவின் கடிதத்தைச் சட்டைப்பையில் கொண்டுவந்து, இந்தியத் தபால்தலை ஒட்டிப் போட்டிருந்தார். பட்டாளத்து வழக்கப்படி பத்திகளுக்கு எண் போட்டிருந்தது. ஒன்று, நலம். இரண்டு, சாப்பாடு உண்டு, ரொட்டிக்கு வரிசை. மூன்று, வண்டிகள் போய்விட்டன. நான்கு, மனைப் பத்திரம் பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது, விற்க வேண்டாம். ஐந்து, நகையையும் விற்க வேண்டாம், பணம் வேண்டுமானால் அண்ணனிடம் கேள். ஆறு, எனக்காக யாருக்கும் தந்தி அடிக்க வேண்டாம், என் முறை வரும்போது வருவேன். "ஒரு வார்த்தை பொண்ணப் பத்திக் கேக்கத் தோணலையே" என்று சித்தி காகிதத்தைக் கீழே வைத்தார். நான் எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் ஏழாவது பத்தி இருந்தது: பாப்பாவுக்கு ஆறாம் வாய்ப்பாடு வந்துவிட்டதா?

குவைத்திலிருந்து பஸ்ரா, பாக்தாத், பாலைவனம் தாண்டி ஜோர்டான் எல்லை, அங்கிருந்து அம்மான். இதுதான் வழி. அம்மானிலிருந்து ஏர் இந்தியா ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை 59 நாட்களில் 488 முறை பறந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தது. செப்டம்பர் கடைசியில் சித்தப்பா பம்பாயில் இறங்கி, தாதர் எக்ஸ்பிரஸில் சென்ட்ரல் வந்து சேர்ந்தார். தாடி, ஒரு ரெக்ஸின் பை, பாலிதீனில் சுற்றிய பள்ளிக்கூட நோட்டு ஒன்று. சித்தி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தாம்பரம் வண்டி இப்ப எத்தனை மணிக்கு?" என்றார்.

அந்த நோட்டில் அவர் வந்த பஸ்ஸில் இருந்தவர்களின் பெயர், பாஸ்போர்ட் எண், ஊர் விலாசம். யாரும் கேட்காமலே முதல் நாளே எழுத ஆரம்பித்திருக்கிறார். கீழக்கரை, கடப்பா, மலப்புரம், நாகப்பட்டினம் என்று ஊர்கள். எல்லை முகாமில் தண்ணீர் லாரி வரும்போது அந்த வரிசைப்படிதான் அவர்கள் கூட்டம் நின்றதாம். அடிதடி இல்லாமல் தண்ணீர் கிடைத்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் பதினைந்து காசு அஞ்சலட்டைகளாக ஒரு கட்டு வாங்கிவரச் சொன்னார். ஒவ்வொரு விலாசத்துக்கும் ஓர் அட்டை: உங்கள் வீட்டார் இன்ன தேதியில் அம்மானில் நலமாக இருந்தார். விலாசம் எழுதும் வேலை என்னுடையது. எழுத்து சாய்ந்தால் கிழித்துவிட்டு வேறு அட்டை தருவார்.

பிற்பாடு அந்த நோட்டுக்கு வேறு பயன் வந்தது. ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் குவைத்தையும் ஈராக்கையும் விட்டு வெளியேறியவர்களுக்குத் தனியாளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர், வேறு கோரிக்கை வைப்பதில்லை என்றால் 4,000, 8,000 என்று நிர்ணயித்தது. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள், காகிதங்களைத் தொலைத்தவர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்தார்கள். திண்ணையில் பாயைப் போட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. சித்திக்கு அதில் கோபம். "ஊருக்கெல்லாம் எழுதினீங்க, நமக்கு ஒரு வேலைக்கு மனு எழுதுனீங்களா?" என்று கேட்டதை நான் கேட்டேன்.

கேட்டது நியாயம்தான். குவைத்திலிருந்து வந்த பிறகு ஆறு வருடங்களில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனி, பிறகு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி, பிறகு ஒரு பள்ளியில் மேலாளர் என்று மாறிக்கொண்டே இருந்தார். எதிலும் சண்டை போடவில்லை. பாலைவனத்தில் தண்ணீர் லாரிக்கு வரிசை அமைத்தவருக்கு, எல்லாம் ஒழுங்காக நடக்கிற ஆபீசில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நெருக்கடிக்குத் தயார் செய்த பள்ளிக்கூடம் சாதாரண செவ்வாய்க்கிழமைக்குத் தயார் செய்யவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் போட்டது சித்தி. வயது, படிப்பு, தொழில், ஆங்கிலம் என்று புள்ளி போட்டுக் குடியேற ஆள் எடுத்தார்கள். நர்ஸுக்கு மதிப்பு இருந்தது. விண்ணப்பத்தில் சித்தப்பாவின் இடம் 'சார்ந்திருப்பவர்'. கேப்டனுக்கு அது குத்துமோ என்று நாங்கள் பயந்தோம். அவர் தனக்குரிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பெட்டி எத்தனை கிலோ வரை?" என்றார். 1996இல் கிளம்பினார்கள்.

சிட்னியின் மேற்குப் புறநகர், வென்ட்வொர்த்வில். கடைத்தெருவில் தமிழ் கேட்கும், பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழ். ராத்திரிக் காவலாளியாக இருந்து, பிறகு பேருந்து ஓட்டுநரானார். ஹெரால்டில் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தது கடைசியில் அவருக்கே சோறு போட்டது. ஆனால் பட்டாளத்தில் இருந்ததை அங்கே யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் வெளியே வந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போயிற்று. ஆனாலும் அவரோடு அணை ஓரத்தில் படித்தவர்கள் அதில் போயிருந்தார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. சித்தப்பாவுக்கு இரண்டு பக்கத்து வலியும் தெரியும்.

மேஸ் ஹில் முருகன் கோயிலில் ஒருநாள், செருப்பு விடும் இடத்தில், ஒரு பெரியவர் அவர் நிற்கும் விதத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்: "தம்பி, நீங்கள் இந்தியன் ஆமியில இருந்தனீங்களோ?" இருந்தேன், 78லேயே வந்துவிட்டேன் என்றிருக்கிறார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 87 அக்டோபரில் தன் வீட்டில் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாராம். சித்தப்பா நின்றபடியே கேட்டார். பதில் சொல்லவில்லை, விளக்கம் சொல்லவில்லை. அன்று அர்ச்சனை முடிந்து போயிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தப் பெரியவரைக் காரில் கோயிலுக்குக் கூட்டிப்போனவர் சித்தப்பாதான். பெரியவர் இறக்கும் வரை.

ஓய்வுக்காலத்துக்கென்று வரதராஜபுரம் மனையில் மாடி வைத்து வீடு கட்டினார்கள். ஓய்வு பெற்றபின் வருடத்தில் பாதி நாள் சித்தப்பா அங்கே தனியாக இருப்பார். சித்தி பேரனைப் பார்த்துக்கொண்டு சிட்னியில். 2015 நவம்பரில் ஒருமுறை வெள்ளம் வந்து வடிந்தது. டிசம்பர் 1 அன்று விடாமல் கொட்டியது. மறுநாள் காலை வரைக்குமான இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தைத்தான் எல்லோரும் பேசினார்கள். அந்த ஏரி நீர் அடையாற்றில் சேர்வது கீழே திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது அதற்கு மேலேயே ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். வயலை மனையாக்கியபோது தண்ணீரிடம் யாரும் கேட்கவில்லை. அது பழைய பாதையிலேயே வந்தது.

நான் சேலையூரில், மேட்டில். போன் இல்லை. முடிச்சூர் ரோடு முடிகிற இடத்தில் ராணுவப் படகுகள் நின்றன; தெரு தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், ஏறிக்கொண்டேன். சுற்றுச்சுவர்களின் தலைகளும் கார்களின் கூரைகளும் மட்டும் தெரிந்தன. சித்தப்பா மாடியில் லுங்கியும் தொப்பியுமாக நின்றார். கீழ்வீட்டுக் குடும்பமும் பக்கத்துத் தெரு முதியவர்கள் சிலரும் அவரோடு இருந்தார்கள். கையில் பட்டியல். யாருக்கு என்ன மருந்து, யார் வீட்டார் எங்கே என்பதை இந்தியில் ஜவானிடம் வாசித்துக் கொடுத்து, ஒவ்வொருவராகப் படகில் இறக்கினார். கடைசியில் நான் கையை நீட்டினேன்.

"நீங்க ஏறுங்க சித்தப்பா."

"நான் வரல. நீ போ."

ஜவானுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தப் பக்கம் மறுபடி வர முடியாது என்று கத்தினான். இவர் அசையவில்லை. திட்டிக்கொண்டே இரண்டு தண்ணீர் பாக்கெட்டையும் ஒரு பிஸ்கட் கட்டையும் மாடிக்கு வீசிவிட்டுப் படகைத் திருப்பினான்.

தண்ணீர் வடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது கணுக்கால் சேற்றில் துடைப்பத்தோடு நின்றார். எனக்கு ஆத்திரம். ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"போகச் சொன்னாப் போறது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். போகாம இருந்தா எப்படி இருக்கும்னு பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நாறுச்சு" என்றார், சேற்றைத் தள்ளிக்கொண்டே.

அடுத்த மாதமே குவைத்திலிருந்து இந்தியர்களை மீட்ட கதையைச் சொல்லும் 'ஏர்லிஃப்ட்' இந்திப் படம் வந்தது. பிற்பாடு டி.வி.யில் போட்டபோது ஒரே ஒரு கதாநாயகன் எல்லோரையும் காப்பாற்றுவதைப் பார்த்துவிட்டு, "வரிசையக் காட்டவே இல்லையே" என்று எழுந்து போய்விட்டார். மாத்துண்ணி மேத்யூஸ் போன்ற குவைத் இந்தியர்கள், தூதரகத்துக்காரர்கள், விமானிகள், பட்டியல் எழுதியவர்கள், பொறுமையாக நின்றவர்கள் என்று ஆயிரம் பேர் சேர்ந்து செய்த காரியம் அது.

இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். நீண்ட விமானப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சிட்னியிலேயே இருக்கிறார். போன வருடம் தங்கை தன் மகனை ராணுவ கேடட் பிரிவில் சேர்க்க நினைத்தாள். தாத்தா மாதிரி ஒழுங்கு வரட்டுமே என்று. சித்தப்பா சந்தோஷப்படுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அவன் கேட்டானா?" கேட்கவில்லை என்றதும் படிவத்தை மடித்து மேசை டிராயரில் போட்டுவிட்டார். தங்கைக்கு வருத்தம், பேச்சு அதோடு நின்றது. சில மாதம் கழித்து, நண்பர்களைப் பார்த்துவிட்டுப் பையனே வந்து கேட்டான். இப்போது வாராவாரம் அணிவகுப்புக்குச் சித்தப்பாதான் காரில் கொண்டுபோய் விடுகிறார். பூட்ஸை மட்டும் அவனே பாலிஷ் போட வேண்டும் என்பது ஒப்பந்தம். முடியவில்லை, போதும் என்று அவன் எப்போது சொன்னாலும் அன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதும்.